காரை பெயர்ந்த சுவர்: பழங்கட்டடங்களைத் தைலவண்ணத்தில் தீட்டக் கற்றல்

பழங்கட்டடங்களைத் தைலவண்ணத்தில் தீட்டக் கற்பவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, சிதைவை எந்தக் கட்டத்தில் கித்தானுக்குள் கொண்டுவருவது என்பதாகும். காரை பெயர்ந்த திட்டு, பாசி இறங்கிய கறுப்புத் தாரை, செங்கல் பல்லிளிக்கும் விரிசல் ஆகியவையே பார்வையை முதலில் இழுப்பதால், கற்பவரின் தூரிகையும் இயல்பாகவே அவற்றை நோக்கி ஓடுகிறது. அப்படி வரையப்பட்ட படங்களில் கறைகள் இருக்கும், விரிசல்கள் இருக்கும், ஆனால் அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய சுவர் இருக்காது. ஒரு கட்டடம் எந்த வரிசையில் எழுந்து எந்த வரிசையில் தேய்ந்ததோ, ஏறத்தாழ அதே வரிசையில் வண்ணமும் ஏற வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்தத் துறையில் நிலைத்த பெயர் பெற்ற ஓவியர்களின் செயல்முறையும், எண்ணெய், சுண்ணாம்பு ஆகிய இரு பொருள்களின் இயல்பும் இந்த நிலைப்பாட்டுக்கே வலுச் சேர்க்கின்றன.

தைலவண்ணம் என்பது நிறமிப் பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற, காற்றுப்பட்டால் இறுகும் எண்ணெயில் குழைத்த கலவை. அது உலர்கிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், நீர்வண்ணத்தைப் போல ஈரம் ஆவியாகி உலர்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி நாட்கணக்கில், பூச்சு தடிப்பாக இருந்தால் மாதக்கணக்கில், மெல்ல இறுகுகிறது. பழஞ்சுவர்களைப் போர்த்தியிருக்கும் சுண்ணாம்புக் காரையும் இதேபோல் காற்றை உண்டுதான் கெட்டிப்படுகிறது: நீற்றிய சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் தன்மைக்குத் திரும்புகிறது. இரண்டு தொழில்களிலும் வழங்கும் அடிப்படை விதியும் ஒன்றுக்கொன்று உறவுடையது. ஓவியர்கள் ‘மெலிந்ததன்மேல் கொழுத்தது’ என்பார்கள். அதாவது டர்பன்டைன் கலந்து எண்ணெய் குறைத்த பூச்சு அடியிலும், எண்ணெய் மிகுந்து நெகிழ்வுள்ள பூச்சு மேலேயும் வர வேண்டும். சுண்ணாம்பு வேலையறிந்த கொத்தனார், மேற்பூச்சு அடிப்பூச்சைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பார். இவ்விதியை மீறிச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசப்பட்ட பழைய வீடுகளில், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடுவதைக் காணலாம். நெகிழ்வான அடிப்பூச்சின்மேல் விறைப்பான வண்ணத்தை அப்பிய ஓவியமும் சில ஆண்டுகளில் அவ்வாறே வெடிக்கிறது. பெயர்ந்த காரையை வரைய வருபவர் தம் வண்ணம் பெயராமல் இருப்பதற்கான பாடத்தையும் அந்தச் சுவரிலிருந்தே படித்துவிடலாம்.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் தேய்ந்த கட்டடம் எப்படி அணுகப்பட்டது என்பதற்கு ஹாலந்து நாட்டு ஓவியர் பீட்டர் சான்ரெடாம் (1597–1665) ஓர் எல்லையைக் காட்டுகிறார். அவர் கட்டடத்தின் முன் அமர்ந்து கோட்டோவியம் தீட்டி, அளவுகளைக் குறித்துக்கொண்டு, பட்டறையில் அந்த அளவுகளைக் கொண்டு தொலைநோக்கு வரைபடம் அமைத்து, பல சமயங்களில் ஆண்டுகள் கழிந்த பின்னரே தைலவண்ணத்தில் தீட்டினார். தொலைநோக்கு என்பது தூரம் செல்லச் செல்லப் பொருள்கள் சிறுத்து, இணைகோடுகள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதைக் கணக்கிட்டு வரையும் முறை. ஆம்ஸ்டர்டாமின் பழைய நகர மன்றத்தை அவர் 1641இல் கோட்டோவியமாகப் பதிவு செய்தார். கட்டடம் 1652இல் தீக்கிரையானது. ஓவியமோ 1657இல்தான் உருவானது. ஆக, இல்லாமல் போன ஒரு கட்டடத்தின் முதுமை முழுவதும், அது இருந்த காலத்தில் எடுத்த அளவுகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. எலும்புக்கூடு சரியாக இருந்தால் தோலின் சுருக்கத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே நாட்டின் வெர்மீர், 1658ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘சிறு தெரு’ என்னும் ஓவியத்தில், செங்கல் முகப்பில் ஓடிய விரிசலையும் அதைக் காரையிட்டு அடைத்த தடத்தையும் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தடம் கண்ணுக்குத் தெரிந்தும் உறுத்தாமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் ஒட்டுமொத்த ஒளியளவை விட்டு அது எங்கும் விலகாததே.

ஒளியளவு என்பது ஒரு நிறம் வெண்மைக்கும் கருமைக்கும் இடையில் எந்தப் படியில் நிற்கிறது என்னும் கணக்கு. கற்பவர்களின் படங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இங்கேதான் நிகழ்கிறது. வெயில்பட்ட சுவரில் உள்ள கறை எவ்வளவு கறுப்பாகத் தோன்றினாலும், நிழல்பட்ட சுவரின் வெள்ளைப் பகுதியைவிடப் பெரும்பாலும் வெளிச்சமாகவே இருக்கும். ஆனால் கறை என்றதும் கைகள் கறுப்பை நாடுகின்றன. ஒளிக்குடும்பமும் நிழற்குடும்பமும் ஒன்றோடொன்று கலந்துபோனால் கட்டடத்தின் மூலை மடங்காது, சுவர் தட்டையாகிவிடும். ஆகவே முதல் சில வாரங்கள் பர்ன்ட் அம்பர், வெள்ளை ஆகிய இரண்டை மட்டும் கொண்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, ஒரு கட்டடத்தை மூன்று அல்லது நான்கு ஒளியளவுகளாகச் சுருக்கித் தீட்டும் பயிற்சி நிறங்களைத் தொடுவதற்கு முன் இன்றியமையாதது. சலிப்பூட்டும் பயிற்சிதான், எனினும் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பின்னர் ஒவ்வொரு படத்திலும் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

வெனிஸ் நகரின் கனலெட்டோ (1697–1768) தேய்ந்த சுவரைத் தீட்டும் கலையைப் பெருங்கித்தானில் கையாண்டவர். 1725ஆம் ஆண்டையொட்டிய ‘கல்தச்சர் முற்றம்’, இன்று லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. காரை உதிர்ந்த வீடுகளும், வெட்டிக் கிடக்கும் கற்களும், கால்வாய்க்கு அப்பால் ஒரு தேவாலயமும் அதன் மணிக்கோபுரமும் அதில் இடம்பெறுகின்றன. அந்தக் கோபுரம் 1744இல் இடிந்து விழுந்தது. அவர் தம் தொடக்ககாலக் கித்தான்களுக்குச் செம்பழுப்பு அடிப்பூச்சு இட்டார். கட்டடக் கோடுகளை அளவுகோல் வைத்து வண்ணத்தில் கீறியும் வைத்தார். செம்பழுப்பு அடித்தளம் செங்கல் நகரத்துக்கு மிகப் பொருத்தமானது. மேலே காரையின் வெளிர்நிறத்தைப் பூசும்போது ஆங்காங்கே விட்டுவைத்த இடைவெளியே செங்கல்லாகிவிடுகிறது. அவரும் அவருடைய மருமகன் பெலோட்டோவும் கால்வாயோரச் சுவர்களில் பாசி ஏறியிருந்த உயரத்தை அத்தனை துல்லியமாகத் தீட்டியிருந்ததால், பிற்கால அறிவியலாளர்கள் அந்தப் பச்சைக் கோட்டை இன்றைய கோட்டோடு ஒப்பிட்டு, வெனிஸில் நீர்மட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் கணித்தனர். கறையை அலங்காரமாகக் கருதித் தூவாமல், அது உண்மையில் நிற்கும் இடத்தில் வைத்ததன் பலன் அது.

ஆனால் கற்பவருக்கு மிக நெருக்கமான ஆசிரியர் இவர்களைவிட, வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த தாமஸ் ஜோன்ஸ் (1742–1803) என்றே சொல்ல வேண்டும். நேப்பிள்ஸில் தங்கியிருந்த காலத்தில், 1782ஆம் ஆண்டு வாக்கில், அவர் தாளின்மேல் தைலவண்ணத்தில் தீட்டிய ‘நேப்பிள்ஸில் ஒரு சுவர்’ 11.4 சென்டிமீட்டர் உயரமும் 16 சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. அதில் சொல்லத்தக்க நிகழ்வு ஒன்றுமில்லை. நேருக்கு நேர் ஒரு சுவர், நடுவில் சிறு மாடத்தோடு ஒரு கதவு, மாடத்தில் உலரும் துணிகள், மேலே ஒரு கீற்று நீலவானம். சுவரெங்கும் சாரம் கட்டக் கழி செருகிய துளைகள் அடைக்கப்படாமல் கிடக்கின்றன. மாடத்துக்குக் கீழே நீர் வழிந்து வழிந்து உண்டான கறை தொங்குகிறது. ஒவ்வொரு துளையும் ஒரே ஒரு தூரிகைத் தொடுகைதான். ஆயினும் வெயில் எப்பக்கமிருந்து வருகிறது என்பதை அத்தனை துளைகளும் ஒருமுகமாகச் சொல்கின்றன. கறைக்கு ஒரு காரணம் இருக்கிறது, மேலே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்ற செய்தியும் அந்தக் கறையிலேயே அடங்கியிருக்கிறது. இத்தகைய சிறு தீட்டல்கள் அவர் வாழ்ந்த காலத்தில் பொதுவெளிக்கு வரவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கலையுலகம் அவற்றைக் கண்டுகொண்டது. கையகலத் தாளும் ஒரு சுவரும் போதும் என்று கற்பவருக்கு இந்த ஓவியம் தரும் துணிவு மிகப் பெரிது.

சுவர் தேய்வதற்கான காரணங்களை அறிந்தவரே அதைத் தீட்ட வல்லவர் என்பதால், நீரின் வழியை இங்கே சற்று விரிவாகக் காண்பது தகும். சுவரை இருபுறமிருந்தும் நீர் தாக்குகிறது. மேலிருந்து வரும் மழைநீர் கொடுங்கை, சன்னல் மேடை, உடைந்த தூம்பு ஆகியவற்றின் முனைகளில் திரண்டு, ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் வழிந்து, அத்தடத்தில் பாசியை வளர்க்கிறது. அது வெயிலில் காய்ந்து கருமையாகிறது. ஆகவே கறுப்புத் தாரை எப்போதும் ஏதோ ஒரு விளிம்பிலிருந்துதான் தொடங்கும். தொடக்கத்தில் அழுத்தமாகவும் கீழே போகப்போகக் கலைந்தும் இருக்கும். கொடுங்கைக்கு நேர் அடியில், மழை படாத இடத்தில், சுவர் வெளுப்பாகவே நிற்கும். கீழிருந்து வருவது ஓதம். மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறி, காற்றுப்படும் இடத்தில் ஆவியாகி, கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுச்செல்கிறது. உப்புப் பூத்த இடத்தில் காரை பொருமிப் பொடியாக உதிர்கிறது. அந்த ஓதக்கோடு தரையையொட்டி ஏறக்குறைய ஒரே உயரத்தில் சுவர் நெடுகிலும் ஓடும். இந்த இரண்டையும் தவிர, விரிசலில் வேர்விட்ட அரசங்கன்று, இரும்புக் கம்பியடியில் வழிந்த துரு, கைபட்டுக் கைபட்டு மழமழப்பான நிலைக்கதவின் விளிம்பு என்று வேறு சிலவும் உண்டு. காரணமில்லாத கறை ஒன்றைச் சுவரில் வைத்தால், பார்ப்பவரால் பிழையைச் சுட்ட முடியாமல் போகலாம். ஆனால் படத்தை நம்ப அவருடைய கண் மறுத்துவிடும்.

இனி ஒரே ஒரு திட்டு எப்படித் தீட்டப்படுகிறது என்பதை அருகில் சென்று காணலாம். செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் பழைய சுண்ணாம்புச் சுவரில், மேற்பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து செங்கல் தெரிகிறது. வெயில் மேலே இடப்புறமிருந்து விழுகிறது என்று கொள்வோம். முதலில் யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த, எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சு அந்த இடம் முழுவதும் செல்ல வேண்டும், அதுவே செங்கல். அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகிய பின், டைட்டானியம் வெள்ளையில் ஓக்கரும் துளி ரா அம்பரும் சேர்த்த காரைநிறத்தைச் சற்றுத் தடிப்பாக எடுத்து, வெளியிலிருந்து திட்டின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கொத்தனார் செய்ததும் இதுவே. செங்கல்லின்மேல் காரை வந்தது, காரையின்மேல் செங்கல் வரவில்லை. அடுத்து விளிம்பு. இடப்புற மேல்விளிம்பு தன் கனத்தின் அளவுக்குச் செங்கல்லின்மேல் மெல்லிய நிழல் வீசும். அதை அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல்நிறத்தில் ஒரே இழுப்பில் இடலாம். வலப்புறக் கீழ்விளிம்பின் கனம் வெயிலை நேராக வாங்குவதால், அங்கே வெள்ளை மிகுந்த ஒரு நூல்கோடு போதும். திட்டைச் சுற்றிலும் ஒரே கோட்டைச் சீராக வளைத்துப் போடுவதுதான் தொடக்கநிலைப் படங்களை உடனே காட்டிக்கொடுப்பது. இறுதியாக, உலர்ந்த பூச்சின்மேல் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்வண்ணத்தைத் தேய்த்து இழுக்கும் ஸ்கம்ப்ளிங் முறையில் உப்புப் பூப்பைக் காட்டலாம். கருமையான அடித்தளத்தின்மேல் மெல்லிய வெள்ளை படியும்போது அது தானாகவே சற்று நீலம்பாரித்துத் தோன்றும். ஓதச் சுவரின் குளிர்ந்த வெளுப்பும் அதே நிறம்தான். கறைக்கு இதற்கு நேர்மாறான முறை பொருந்தும்: எண்ணெயில் இளக்கிய ரா அம்பரை ஒளிபுகும் மெல்லிய படலமாகப் பூசி, துணியால் கீழ்நோக்கித் துடைத்தெடுக்கும் கிளேசிங்.

வண்ணத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓக்கர், சியன்னா, அம்பர் ஆகிய மண்நிறங்களும், ஒரு நீலமும், ஒரு வெள்ளையும் போதுமானவை. சுவரும் மண்ணிலிருந்தே வந்தது. அம்பரில் உள்ள மாங்கனீசு எண்ணெய் இறுகுவதை விரைவுபடுத்துவதால் அது அடிப்பூச்சுக்கு ஏற்றது; ஐவரி பிளாக் எனப்படும் கறுப்பு மெதுவாக இறுகுவதால் அடியில் வைக்கத் தகாதது. துத்தநாக வெள்ளை நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஈய வெள்ளை நச்சுடையது. கற்பவர் டைட்டானியம் வெள்ளையோடு நிறைவடைவது நல்லது.

சொரசொரப்பைச் சொரசொரப்பாலேயே காட்டலாமா என்பது நெடுங்காலமாகத் தொடரும் கருத்துவேறுபாடு. வண்ணத்தைத் தடிப்பாக அப்பித் தூரிகைத் தடம் தெரிய விடும் முறை இம்பாஸ்டோ எனப்படும். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியின் வெளிறிய சுவர்களைத் தீட்டிய மோரிஸ் உட்ரில்லோ (1883–1955), வண்ணத்தோடு சுண்ணச்சாந்தையே கலந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கட்டலான் மொழியில் ‘சுவர்கள்’ என்று பொருள்படும் குடும்பப்பெயரைக் கொண்ட அன்டோனி டாப்பியெஸ், பளிங்குத்தூள் கலந்த சாந்தைக் கித்தானில் பூசிக் கீறி, சுவரின் படத்தைத் தராமல் சுவரையே தந்தார். இவை தம்மளவில் நேர்மையான வழிகள். ஆனால் கட்டடத்தைத் தூரத்தில் நிற்கும் பொருளாகக் காட்ட விரும்பும் ஓவியத்தில், கித்தானின் புடைப்பு அறையின் விளக்கொளியில் தன் சொந்த நிழலை வீசும். அந்நிழல் படத்துக்குள்ளிருக்கும் வெயிலோடு மோதும். மேலும் சுவரின் சொரசொரப்பு எங்கும் ஒரே அளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை; முழு வெயிலில் அது வெளுத்துப்போகிறது, முழு நிழலில் அமிழ்ந்துபோகிறது, ஒளி சாய்ந்து உரசிச் செல்லும் எல்லையில் மட்டுமே துலங்குகிறது. அந்த எல்லையில் பத்துச் செங்கற்களை ஒழுங்காகக் காட்டினால் போதும், மீதிச் சுவரைப் பார்ப்பவரின் கண்ணே அடுக்கிக்கொள்ளும்.

ஒளி நிலையாக நிற்பதில்லை என்பது அடுத்த இடர். பிரெஞ்சு ஓவியர் பியேர்-ஆன்ரி தெ வலான்சியென் (1750–1819), 1800இல் வெளியிட்ட தம் பாடநூலில், திறந்தவெளியில் ஒரு தீட்டலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடலாகாது என்று அறிவுறுத்தினார்; ரோமில் ஒரே கூரைகளை வெவ்வேறு ஒளியில் அவரே தீட்டியும் காட்டினார். மோனே 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் ருவான் பேராலய முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட கித்தான்களில் தீட்டி, பட்டறையில் முடித்து, 1895இல் அவற்றில் இருபதைக் காட்சிக்கு வைத்தது இந்தச் சிந்தனையின் உச்சம். ஆனாலும் தொடக்கநிலை மாணவருக்கு மோனே ஏற்ற முதல் ஆசிரியர் அல்லர். அங்கே கல்லின் கட்டமைப்பு ஒளிக்குள் கரைந்திருப்பதால், அதை முன்பே கற்றவருக்கே அந்தக் கரைசல் புரியும். வலான்சியெனின் இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு இன்றும் அப்படியே பயன்படுகிறது. கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தை நம்பித் தீட்டுவோர் இரண்டு குறைகளை அறிந்திருக்க வேண்டும்: கருவி நிழற்பகுதியைக் கறுப்பாக்கி அதிலுள்ள எதிரொளியை விழுங்கிவிடுகிறது, அண்ணாந்து எடுத்தால் செங்குத்துச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. கறைகளின் இடத்தை நினைவூட்ட நிழற்படம் உதவும். நிறத்தை மட்டும் நேரில் குறித்துக்கொள்வதே நல்லது.

சிதைவை அழகென்று கொண்டாடுவதில் உள்ள அறச்சிக்கலையும் விட்டுவிட முடியாது. ஆங்கிலேயரான வில்லியம் கில்பின், 1782இல் வெளியிட்ட பயண நூலில், இடிந்த டின்டர்ன் மடத்தின் முக்கோணச் சுவர்முகங்கள் கண்ணை உறுத்தும் அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்றும், ஒரு கொட்டாப்புளியை அளவறிந்து பயன்படுத்தினால் அவற்றைச் சீர்செய்யலாம் என்றும் எழுதினார். இடிபாட்டின் ரசனை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அது எல்லை. 1856இல் ஜான் ரஸ்கின், குடிசையின் சிதைவை ரசித்துக்கொண்டு அதில் வாழ்வோரின் துயரைக் காணாத பார்வையை இதயமற்றது என்று கண்டித்தார். அவருடைய கண்டனம் இன்றும் செல்லும். மனிதர் வாழும் வீட்டை வரைபவர் அங்கே வாழ்வதன் தடங்களையும் வரைய வேண்டும். ஜோன்ஸின் சுவரில் துணிகள் உலர்வது வெறும் வண்ணச் சேர்க்கைக்காக மட்டும் என்று கொள்வதற்கில்லை.

தமிழகத்தின் பழங்கட்டடங்களும் இந்த வரலாற்றில் இடம்பெற்றவைதாம். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1792இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து, கேமரா அப்ஸ்கியூரா என்னும் இருட்டுப்பெட்டியின் உதவியோடு கோட்டோவியங்கள் எடுத்தனர். லண்டன் திரும்பிய பின் அவை அக்வாடின்ட் அச்சுகளாயின, சில காட்சிகளைத் தாமஸ் தைலவண்ணத்திலும் தீட்டினார். 1636இல் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகளும் அவர்களுடைய அச்சுகளில் உள்ளன. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அந்த அரண்மனையைப் பழுதுபார்க்கச் செய்ததால், அதற்கு முந்தைய நிலையை அறிய இன்று அத்தகைய படங்களையே நாட வேண்டியிருக்கிறது. பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்று எந்நேரமும் முடிவாகிவிடக்கூடிய சுவர்கள் இன்றும் தரங்கம்பாடி முதல் காரைக்குடி வரை நிற்கின்றன என்பதால், கற்பவரின் பயிற்சித் தாள்கூட ஒருநாள் ஆவணமாகக்கூடும். தாளின் பின்புறம் ஊர், தெரு, நாள், வேளை ஆகியவற்றை எழுதிவைக்கும் வழக்கம் இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

நம் தட்பவெப்பத்தில் ஓவியத்தைக் காப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. ஈரக்காற்றில் பூஞ்சணம் கித்தானின் பின்புறம் எளிதில் பிடிக்கிறது. ஓதச் சுவரில் ஒட்டி மாட்டிய படம், தான் சித்திரித்த அதே நோய்க்கு ஆளாகிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக விரலளவு இடைவெளி விட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிப்பதால் ஈரமான படத்தை அலமாரிக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. முடித்த படத்துக்கு மரபான வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்திருக்கும். அப்போது படத்தை எடுத்துக்கொண்டு அதே சுவரின் முன், அதே வேளையில், சென்று நிற்பது நல்ல பயிற்சி: கொடுங்கையின் கீழ் எந்தத் தாரை நீண்டிருக்கிறது, ஓதக்கோடு எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது, சென்ற ஆண்டு நூல்கோடாகத் தீட்டிய காரை விளிம்பு இன்னும் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாவது தாளை அங்கேயே தொடங்கலாம்.